பெத்னல் கிறீன் ஸ்ரேசனும் அதைச் சுற்றிய மண்ணும்

"மலருக்கு ஏதாவது எழுதித் தாரும் தம்பி. ஆனால் கவிதை வேண்டாம், கவிதை போதுமெண்ட அளவுக்கு வந்து கிடக்குது" என்று சங்கத்துச் செயலாளர் அண்ணை கேட்டார். கவிதை எனக்கு வராது. உயர்தரத்தோடு படிப்பை விட்டுவிட்டு இங்கே வந்து மெஷினோடு நிற்கிறவன் நான். படித்த பாடங்களில் மனதில் ஒட்டிக்கொண்டது வரலாறு ஒன்றுதான். ஆகவே எம்மவர் பலர் நாளும் பொழுதும் கடந்து போகின்ற, ஆனால் இறங்கிப் பார்க்காத ஓர் இடத்தின் வரலாற்றை இந்தப் புத்தாண்டு மலரில் எழுதுகிறேன்.

நியூபெரி பார்க், கான்ற்ஸ் ஹில் பக்கம் இருக்கிற எங்கட சனம் விடிய வெள்ளனச் சென்ரல் லைனில் ஏறி லண்டனுக்குள் வேலைக்குப் போகும். பாதி நித்திரை. மைல் எண்ட் வந்தால் ஒரு கண் திறக்கும். லிவர்பூல் ஸ்ரீற் வந்தால் எழும்ப வேணும். இரண்டுக்கும் இடையில் ஒரேயொரு ஸ்ரேசன் இருக்கிறது. அதுதான் பெத்னல் கிறீன். மேலே அதற்கென்று ஒரு கட்டடமும் கிடையாது. நாற்சந்தியின் மூலைகளில் நிலத்துக்குள் இறங்குகின்ற படிக்கட்டுகள் மட்டுமே. கீழே இளமஞ்சள் நிற ஓடு பதித்த சுவர்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் சில ஓடுகளில் புடைப்பாகச் சின்னங்கள் செதுக்கியிருக்கும். இதற்கு மேல் அங்கே ஒன்றுமில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

இந்த ஸ்ரேசனுக்குள் முதலாவது ரயில் பயணிகளோடு வந்து நின்றது 1946 டிசம்பர் 4ஆம் திகதி. ஆனால் அதற்கு ஆறு வருசத்துக்கு முன்பே இங்கே ஆயிரக்கணக்கான சனம் படுத்து எழும்பியிருக்கிறது. ரயில் ஓடாத ரயில் நிலையத்தில் ஒரு முழு ஊர் குடியிருந்த கதை இது.

சென்ரல் லைனைக் கிழக்கே நீட்டுகிற வேலை 1936இல் தொடங்கியது. சுரங்கம் வெட்டி முடிகிற நேரத்தில் 1939இல் உலக யுத்தம் வந்துவிட்டது. தண்டவாளம் போடுகிற வேலை நின்றது. வெட்டின குகைகள் வெறுமையாகக் கிடந்தன. வெறுமையாகக் கிடக்கிற குகையை யுத்த காலத்தில் யாரும் விட்டுவைப்பார்களா? லேய்ற்றன்ஸ்ரோனுக்கும் கான்ற்ஸ் ஹில்லுக்கும் இடைப்பட்ட சுரங்கங்களுக்குள் 1942இல் பிளெஸி என்ற கம்பனி ஒரு தொழிற்சாலையையே கொண்டுபோய் வைத்தது. இல்ஃபோர்டில் இருந்த அவர்களுடைய கட்டடம் 1940இல் குண்டு வீச்சில் சேதமானதுதான் காரணம். இரண்டு சுரங்கங்களிலும் ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டரை மைல் நீளத்துக்கு மெஷின்கள் வரிசையாய் நிற்க, ஏறக்குறைய 2000 பேர், பெரும்பாலும் பெண்கள், விமானங்களுக்கான உதிரிப்பாகங்கள் செய்தார்கள். சாமான்களை ஏற்றி இறக்க உள்ளே ஒரு குட்டி ரயிலும் ஓடியது. ஒரு தொழிலாளி என்ற முறையில் இதை வாசித்தபோது எனக்கு வந்த முதல் யோசனை, அந்த மெஷின் சத்தம் அந்தக் குழாய்க்குள் எப்படிக் கேட்டிருக்கும் என்பதுதான். இரண்டரை மைல் நீளமான, ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடின ஒரு பீப்பாய்க்குள் வேலை செய்வதாக நினைத்துப் பாருங்கள். இரவு வேலை செய்கிறவனுக்கு நாங்கள் அனுதாபம் சொல்லுவோம். அங்கே பகலும் இரவுதான்.

இனி பெத்னல் கிறீனுக்கு வருவோம். 1940 செப்ரெம்பர் 7ஆம் திகதி லண்டன் மீது ஜேர்மன் விமானங்களின் தொடர்ச்சியான குண்டுவீச்சு தொடங்கியது. முதல் அடி கிழக்கு லண்டனுக்குத்தான். துறைமுகமும் தொழிற்சாலைகளும் அங்கேதான் இருந்தன, ஏழைகளும் அங்கேதான் இருந்தார்கள். அன்று இரவே பெத்னல் கிறீன் பொது நூலகத்தின் கூரையைப் பிளந்துகொண்டு ஒரு குண்டு விழுந்தது. நூலகம் என்றதும் 1981 உங்களுக்கு ஞாபகம் வரும். எனக்கும் வந்தது. நான் பிறக்க முன்னர் நடந்தது என்றாலும் அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த தலைமுறைதானே நாங்கள்.

தொடக்கத்தில் ரியூப் ஸ்ரேசன்களைப் பதுங்குமிடமாகப் பாவிக்க அரசாங்கம் விரும்பவில்லை. சனம் கீழே போனால் மேலே வராது, உற்பத்தி படுத்துவிடும் என்று பயம். சனமோ ஆகக் குறைந்த விலையில் ஒரு ரிக்கெட்டை வாங்கிக்கொண்டு, போர்வையும் பிள்ளையுமாகக் கீழே இறங்கி, இறங்கின இடத்திலேயே படுத்துவிட்டது. யார் எழுப்புவது? கடைசியில் அரசாங்கம்தான் இறங்கி வந்தது. அந்த ஒக்ரோபரிலேயே பெத்னல் கிறீன் ஸ்ரேசன் பொதுப் பதுங்குமிடமாயிற்று.

உள்ளே 5000 அடுக்குக் கட்டில்கள். இன்னும் 2000 பேர் நின்றும் இருந்தும் தங்க இடம். சாப்பாட்டுக் கடை, வைத்தியர் இருக்கிற அறை, பிள்ளைகள் பராமரிப்பு நிலையம், 300 பேர் இருக்கக்கூடிய ஒரு நாடகக் கொட்டகை. மேலே நூலகம் நொறுங்கிப் போனபடியால், ரயில் வரவேண்டிய பாதைக்கு மேல் பலகை அடித்து அங்கேயும் 4000 புத்தகங்களோடு ஒரு சின்ன நூலகம் கட்டினார்கள். தினமும் பின்னேரம் ஐந்தரையிலிருந்து எட்டு மணி வரை திறந்திருக்கும். கட்டிலுக்குப் போகிற வழியில் சனம் புத்தகம் மாற்றிக்கொண்டு போகும். யுத்தத்துக்குள்ளும் புத்தகம் தேடுகிற சனத்தை வன்னியில் கண்டவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது.

இவ்வளவும் நன்றாய்ச் செய்தவர்கள் ஒரு விடயத்தைச் செய்யாமல் விட்டார்கள். அத்தனை சனத்துக்கும் உள்ளே இறங்க ஒரே ஒரு வாசல். அந்த வாசலில் ஒரு சந்திக்கு 19 படிகள், பிறகு வலக்கைப் பக்கம் திரும்பி இன்னும் ஏழு படிகள். படிகளின் நடுவில் பிடிப்பதற்குக் கைபிடிக் கம்பி இல்லை. இருட்டடிப்புக் காலமானபடியால் 25 வாற்ஸ் குமிழ் ஒன்று, அதுவும் பாதி மறைத்தபடி. படி விளிம்பு தெரிய வெள்ளைக் கோடு இல்லை. வாசலில் காவலுக்குப் பொலிசும் இல்லை. இந்த வாசல் ஆபத்தானது, திருத்திப் பலப்படுத்த அனுமதி தாருங்கள் என்று பெத்னல் கிறீன் நகரசபை 1941லேயே மேலிடத்துக்கு எழுதிக் கேட்டது. தேவையில்லாத செலவு என்று மேலிடம் மறுத்துவிட்டது.

1943 மார்ச் 1ஆம் திகதி இரவு பிரித்தானிய விமானங்கள் பேர்லின் மீது பலத்த தாக்குதல் நடத்தின. அடித்தால் திருப்பி அடி விழும் என்பது லண்டன் சனத்துக்குத் தெரியும். மார்ச் 3ஆம் திகதி, புதன்கிழமை. அன்று மழை பெய்து படியெல்லாம் ஈரம். இரவு 8.17க்கு அபாயச் சங்கு ஊதியது. வீடுகளிலிருந்தும் படக்கொட்டகைகளிலிருந்தும் பஸ்களிலிருந்தும் ஆட்கள் இறங்கி ஒழுங்காகத்தான் நடந்து வந்தார்கள். பத்து நிமிடத்துக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உள்ளே போய்விட்டார்கள். 8.27க்குப் பக்கத்து விக்ரோறியாப் பூங்காவிலிருந்து பயங்கரமான ஓர் ஓசை கிளம்பியது. விமான எதிர்ப்பு ரொக்கெற்றுகள் பல ஒரே நேரத்தில் சீறி எழும்பிய சத்தம் அது. அந்தச் சத்தத்தை அதற்கு முன் அந்தச் சனம் கேட்டதில்லை. அது தங்கட பக்கத்து ஆயுதம் என்று யாருக்குத் தெரியும்? புதுவிதக் குண்டு என்று நினைத்துப் பின்னால் நின்றவர்கள் முன்னால் தள்ளினார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பிள்ளையோடு இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெண், கீழேயிருந்து மூன்றாவது படியளவில் தடுக்கி விழுந்தாள். அவளுக்கு மேல் ஒரு வயதானவர் விழுந்தார். அவர்களுக்கு மேல் அடுத்தவர்கள். சில விநாடிகளுக்குள் அந்தச் சின்னப் படிக்கட்டில் ஏறக்குறைய 300 பேர் ஒருவர்மேல் ஒருவராய் இறுகிப் போனார்கள். மேலே நிற்கிறவனுக்குக் கீழே நடப்பது தெரியாது. இருட்டில் இன்னும் தள்ளுகிறான். கீழே நிற்கிறவன் கையைப் பிடித்து இழுத்தாலும் ஓர் ஆளையும் உருவ முடியவில்லை. கடைசி உடல் வெளியே வரும்போது நள்ளிரவு நெருங்கிவிட்டது.

173 பேர் இறந்தார்கள். ஆண்கள் 27, பெண்கள் 84, பிள்ளைகள் 62. மூச்சு முட்டித்தான் பெரும்பாலானோர் இறந்தார்கள். அன்றிரவு அந்தப் பகுதியில் ஒரு குண்டும் விழவில்லை. லண்டன் பாதாள ரயில் வரலாற்றில் ஒரே சம்பவத்தில் இவ்வளவு பேர் இறந்தது இதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இந்த இடத்தில் என்ர கதையில் ஒரு துண்டைச் சொல்லாமல் போக முடியவில்லை. 2008இல் வன்னியில் நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலம் எங்கட வளவில் பங்கர் வெட்டினோம். பனங்குத்தி அடுக்கி, மேலே மண்மூட்டை வைத்து, 'ட' வடிவத்தில் வெட்ட வேணும் என்று அப்பா நின்றார். "ரெண்டு வாசல் வேணும். ஒண்டு அடைபட்டால் மற்றதாலை வெளியாலை வரவேணும்" என்றார். மழைக்குக் களிமண் படி வழுக்கும் என்று ஒவ்வொரு படியிலும் பலகை இறுக்கினார். கிபிர் இரையிற சத்தத்துக்குச் சனம் எப்படி ஓடும் என்பதை நாங்கள் புத்தகத்தில் படிக்கத் தேவையில்லை. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திய ஒரு கமக்காரனுக்குத் தெரிந்த விடயம், லண்டன் மாநகரத்தில் கதிரையில் இருந்து அந்தக் கடிதத்துக்கு மறுப்பு எழுதினவருக்கு ஏன் தெரியாமல் போனது? இப்போது நான் வேலை செய்கிற இடத்திலும் பாருங்கள், நாலு படி என்றாலும் விளிம்பில் மஞ்சள் கோடு, பக்கத்தில் கம்பி. கம்பி இருந்தால் விழுகிறவன் பிடிப்பான், அவ்வளவுதான். ஆனால் அதைவிட முக்கியம், நடுவில் கம்பி இருந்தால் கூட்டம் இரண்டாகப் பிரிந்து இறங்கும். பெத்னல் கிறீன் படிகளுக்கு நடுக்கம்பியும் வெள்ளைக் கோடும் வந்தது 173 பேர் செத்த பிறகுதான்.

சரி, பிறகு என்ன நடந்தது? மூடி மறைத்தார்கள். எதிரிக்குத் தெரிந்தால் அவன் சந்தோசப்படுவான், மக்கள் மனம் உடைந்துபோகும் என்று காரணம் சொன்னார்கள். அடுத்தடுத்த நாள் பத்திரிகைகளில் "லண்டனில் ஒரு ரியூப் பதுங்குமிடம்" என்றுதான் வந்தது, ஊர் பெயர் இல்லை. ஹக்னி றோட்டில் இருந்த சிறுவர் ஆஸ்பத்திரியில் அன்றிரவு கடமையில் இருந்த ஜோன் மாட்டின் என்ற இளம் வைத்தியர், காயக்காரரை எதிர்பார்த்து நிற்க, ஈரத்தோடு பிரேதங்கள்தான் வந்து குவிந்தன. இதுபற்றி வாய் திறக்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லப்பட்டது. முதுமைக் காலத்தில்தான் அவர் வெளிப்படையாகப் பேசினார். பல குடும்பங்களில் அப்பா அம்மா பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லாமலே கண்ணை மூடிவிட்டார்கள்.

வாய் மூடின இடத்தில் வதந்தி முளைக்கும். யூதர்கள்தான் பீதியைக் கிளப்பினார்கள் என்று ஒரு கதை, பாசிசக்காரர் செய்த சதி என்று இன்னொரு கதை. நீதவான் லோறன்ஸ் டன் என்பவர் அந்த மாதமே இரகசியமாக விசாரணை நடத்தினார். யூதர் பற்றிய வதந்தியில் ஓர் உண்மையும் இல்லை, அந்தப் பதுங்குமிடத்துக்கு வந்த யூதர்களே மிகச் சொற்பம் என்று அவர் எழுதிவைத்தார். அதை அவர் செய்தது நல்லது. ஆனால் முக்கிய காரணம் சனம் கட்டுப்பாடு இழந்ததுதான் என்றும் அவர் முடிவு கட்டினார். வாசலின் குறைகளைச் சொன்னாலும் அவற்றை இரண்டாவது இடத்தில்தான் வைத்தார். அந்த அறிக்கையையும் உள்நாட்டு அமைச்சர் ஹேர்பட் மொறிசன் வெளியிட மறுத்தார்.

கணவனையும் மகளையும் பறிகொடுத்த ஒரு பெண் விடவில்லை. நகரசபையின் கவனக்குறைவு என்று வழக்குப் போட்டார். 1944இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது, மேன்முறையீட்டிலும் அவரே வென்றார். சனம் முண்டியடித்தது என்பதற்குச் சாட்சியம் இல்லை, அந்தப் படிக்கட்டுத்தான் ஆபத்தானது என்பது நீதிமன்றத்தின் முடிவு. இதிலே ஒரு விசித்திரம் என்னவென்றால், வாசலைத் திருத்தக் கேட்டு எழுதிய அதே நகரசபைதான் குற்றவாளிக் கூண்டில் நின்றது. மறுத்த மேலிடம் நிற்கவில்லை. இரகசியம் என்றபடியால் தங்கட கடிதத்தைக் காட்டி ஊர்ச் சனத்துக்கு உண்மையைச் சொல்லவும் சபையால் முடியவில்லை. டன் அறிக்கையின் சாரம் 1945 ஜனவரியில்தான் வெளிவந்தது. அதிலும் பழி சனத்தின் தலையில்தான். ஆக, செத்தவனே தன் சாவுக்குப் பொறுப்பு! இந்த வாய்ப்பாட்டை எங்கட ஊரிலும் நாங்கள் கேட்டிருக்கிறோம்.

படிக்கட்டுக்கு மேலே ஒரு சிறிய நினைவுப் பலகை வந்தது ஐம்பதாவது ஆண்டில், 1993இல். அது போதாது என்று தப்பியவர்களும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து வருடக்கணக்காகக் காசு சேர்த்து ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். 2017 டிசம்பர் 17ஆம் திகதி அது திறந்துவைக்கப்பட்டது. ஸ்ரேசனின் அந்த வாசலுக்குப் பக்கத்திலேயே பூங்கா மூலையில் நிற்கிறது. தேக்கு மரத்தாலான ஒரு படிக்கட்டைத் தலைகீழாக அந்தரத்தில் தொங்கவிட்டது போன்ற வடிவம். அந்தப் பழைய படிக்கட்டின் அதே அளவு. கூரையில் 173 துளைகள், அதனூடாகப் பகல் வெளிச்சம் விழும். வெளிப்பக்கத்தில் 173 பேரின் பெயர்களும் வெட்டியிருக்கின்றன. ஒரே குடும்பப் பெயர் மூன்று, நான்கு தடவை அடுத்தடுத்து வருகிற இடங்களில் கண் நிற்கும். 74 வருசம் கழித்தாலும் ஒவ்வொருவருக்கும் பெயர் இருக்கிறது. 2009இல் எங்கட சனத்தில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையே இன்றைக்கும் தகராறில் கிடக்கிறது. அங்கே நின்று வாசிக்கும்போது எனக்குக் கோபம் வந்ததா பொறாமை வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை.

அந்த ஊரைச் சுற்றியும் கொஞ்சம் நடந்து பாருங்கள். சின்னத்துக்கு எதிரே ஜோன் சோன் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் கட்டிய புனித யோவான் தேவாலயம் நிற்கிறது. 1828இல் கட்டி முடித்தது. மார்ச் மாதத்தில் நினைவு வழிபாடு அங்கேதான் நடக்கும். குண்டு பட்ட அந்த நூலகத்தையும் திருத்தியிருக்கிறார்கள், பூங்காவுக்குள் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் 1872இல் திறந்த நூதனசாலை. அதன் இரும்புச் சட்டம் தென் கென்சிங்ரனில் நின்ற ஒரு கட்டடத்தைக் கழற்றிக் கொண்டுவந்து பூட்டியது. தரையில் பதித்திருக்கிற சின்னச் சின்னக் கல்லெல்லாம் வோக்கிங் சிறைச்சாலைப் பெண் கைதிகள் செய்தவை. பிள்ளைகள் அதற்கு மேல் ஓடி விளையாடுகிறார்கள். 2023இலிருந்து அது பிள்ளைகளுக்கே உரிய நூதனசாலையாய் 'யங் வி அண்ட் ஏ' என்ற பெயரில் நடக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை.

இந்த மண் எப்போதுமே வந்தேறிகளின் மண். மதத்துக்காகப் பிரான்சிலிருந்து துரத்தப்பட்ட ஹியூகனோ மக்கள் பட்டு நெசவோடு இந்தப் பக்கம் பரவினார்கள். 'ரெஃப்யூஜி' என்ற சொல்லே அவர்களோடுதான் ஆங்கிலத்துக்குள் வந்தது. பிறகு ரஷ்யப் பேரரசிலிருந்து யூதர்கள், பிறகு சில்ஹெற்றிலிருந்து வங்காளிகள். பெத்னல் கிறீன் றோட்டில் 1900இலிருந்து ஓர் இத்தாலியக் குடும்பம் நடத்துகிற பெலிச்சி என்ற தேநீர்க் கடை இன்னும் இருக்கிறது. றோமன் றோட்டாலே கிழக்கே நடந்தால் குறோவ் றோட் வரும். அங்கேயுள்ள ரயில் பாலத்தில்தான் 1944 ஜூன் 13ஆம் திகதி லண்டனைத் தாக்கிய முதலாவது வி-1 பறக்கும் குண்டு விழுந்தது. ஆறு பேர் இறந்தார்கள். பாலத்தில் நீலப் பலகை ஒன்று இருக்கிறது, அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும்.

பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் போவதற்கு முன் ரயில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், திருத்த வேலை என்று அடிக்கடி நிற்பாட்டுவார்கள். ஸ்ரேசனில் லிப்ற் கிடையாது, தள்ளுவண்டி கொண்டுபோகிற அம்மாமார் கூட ஓர் ஆளைக் கூட்டிப் போவது நல்லது. வெளியே வரும்போது பூங்காப் பக்கத்து வாசலைக் கேட்டு வாருங்கள். 1993இல் வைத்த பலகை அந்தப் படிகளுக்கு மேலே இருக்கும். நடுவிலே கம்பியும் இருக்கும்.